மில் காலனியில் யாரும் ‘சரி’ சொல்வதில்லை

எண்பதாயிரம் பேர் குடிவரப் போகும் கட்டடத்தின் வரைபடத்தில் ஒரு கக்கூஸ் கூட இல்லை என்பதை முதலில் பார்த்தவள் வசந்தாமணிதான். ஜன்னல் இல்லை, சமையல்கட்டு இல்லை, துணி காயப்போட ஒரு கொடிக்கம்பி இல்லை. மூடிக் கிடந்த பஞ்சாலையின் இடம் மொத்தத்துக்கும் ஆறு மாடி. மில்லுக்கும் காலனிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு மதில்தான். அந்த மதிலை ஒட்டிய பன்னிரண்டு வீடுகளில் அவளுடையதும் ஒன்று.

“ஏனுங்க, குடியிருப்புன்னு போட்டிருக்கறீங்க. இவிங்கெல்லாம் எங்கீங்க குளிப்பாங்க?” என்று கேட்டாள்.

நிரந்தரம் நிறுவனத்தின் வக்கீல் இளம்பரிதி பொறுமைசாலி. கல்யாண மண்டபத்துப் புழுக்கத்திலும் சட்டை கசங்காமல் நின்றான். “அவங்க குளிக்க மாட்டாங்கம்மா. எல்லாரும் காலமானவங்க.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப சுடுகாடுங்களா?” என்றார்.

“இல்லைங்க, வீடுதான். ஒரு மனுசன் வருசக்கணக்கா போன்ல பேசினதெல்லாம் எங்கயாவது பதிவாகித்தான் இருக்கு. அதையெல்லாம் சேர்த்தா அவர் மனசு கிடைச்சிடும். அதே குரல், அதே நினைப்பு, அதே கோபம். சட்டம் இப்ப அவங்களைக் குடிமக்கள்னு சொல்லுது. குடிமக்கள்னா ஒரு விலாசம் வேணுமில்லைங்களா?”

“உசுரோட இருக்கறவங்களையும் இப்பிடி எடுப்பீங்களா?” இது வசந்தாமணி.

“அவங்களே வாயைத் திறந்து ‘வர்றேன்’னோ ‘சம்மதம்’னோ சொன்னாத்தாம்மா. சொல்லாம எடுத்தா எங்களை உள்ள தள்ளிருவாங்க” என்று சிரித்தான். அவள் அன்றைக்கு அதைக் காதில் வாங்கினாளே தவிர மனசில் வாங்கவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

காலனிச் சங்கத் தலைவர் குழந்தைவேலு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு இடம் விசாரித்துவிட்டு வந்து, அரசமரத்தடியில் ஆட்களைக் கூட்டினார்.

“கீழ்க்கரைன்னு ஒரு ஊர்ல இதே மாதிரி கட்டிப்போட்டாங்களாமா. அங்க இப்பக் கவுன்சிலரே செத்துப்போனவருதான். செத்தவங்க நூத்துக்கு நூறு ஓட்டுப் போடறாங்க, நம்மாளுங்க பாதிப் பேரு தூங்கிப்போடறோம். செத்தவங்களை வெச்சிருக்கற மிசினு சூடாகாம இருக்கத் தண்ணி வேணுமில்ல? ஊருக்கு வர்ற குடிதண்ணியத் தங்களுக்குத் திருப்பிக்கிட்டாங்க. கேக்கறதுக்கு அங்க இப்ப உசுரோட ஆளே அதிகமா இல்லை.”

“நாம ஒத்துக்கலீன்னா?” என்றாள் அன்னக்கொடி. வசந்தாமணியின் பக்கத்து வீட்டுக்காரி, அவளைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டே இருவரும் போனில் பேசிக்கொள்கிற அளவுக்குச் சிநேகம்.

“அங்கதான் இருக்குது சூட்சுமம். மதிலை ஒட்டின பன்னெண்டு ஊட்டுல ஒரே ஒரு ஊடு ‘ஏத்துக்கறேன்’னு சொல்லிப்போட்டாலும் போதுமாமா. அனுமதி கெடைச்சுரும். நம்ம பன்னெண்டு வாயும் பூட்டுப் போட்டாப்புல இருந்தாத்தான் நாம பொழைக்கறது.”

வாய் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. கள்ளக் கையெழுத்துப் போட்டே ஊரை எழுதி வாங்கிய காலம் போய், வாயால் சொன்னதுதான் சம்மதம் என்று சட்டம் மாறியிருந்தது. பேசுகிறவர் குரல் அவருடையதுதானா, சொன்னது சம்மதம்தானா என்று போன் வழியே கேட்டுத் தீர்மானிக்க ஓர் இயந்திரம் இருந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. காலனியில் ‘காது’ என்றார்கள்.

“அதனால இன்னைக்கிருந்து எவனும் ‘சரி’ சொல்லப்படாது. ‘ஆகட்டும்’ கூடாது. ‘ம்’ கொட்டக்கூடாது. எவன் போன் பண்ணி எதைக் கேட்டாலும் ‘கேட்டுது’ன்னு மட்டும் சொல்லுங்க. சரி, கூட்டத்தை முடிச்சுக்கலாம்” என்றார் குழந்தைவேலு.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. காலனி கடைசியாக மனசு விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தமிழனிடமிருந்து சோற்றைக்கூடப் பிடுங்கிவிடலாம், ‘சரி’யைப் பிடுங்க முடியுமா? பேச்சைத் தொடங்க அது வேண்டும், முடிக்க அது வேண்டும், சண்டையை நிறுத்தவும் மாப்பிள்ளை வீட்டாரை அனுப்பிவைக்கவும் அதுவே வேண்டும். டீக்கடையில் “இன்னொண்ணு போடட்டுங்களா?” என்றால் ஆட்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சு பாதியில் தொங்கியது. சிறுசுகள் இதை விளையாட்டாக்கி, வாய் தவறிச் சொன்னவன் தலையில் குட்டின. பெரியவர்களுக்கு அப்படி இல்லை. தன் நாக்கைப் பார்த்துத் தானே பயப்படுவது என்ன பிழைப்பு என்று வசந்தாமணிக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு போன்கள் அடிக்க ஆரம்பித்தன.

நிறுவனத்து ஆட்கள் பேசியிருந்தால் காலனிக்காரர்கள் ஒரு கை பார்த்திருப்பார்கள். பேசியவர்கள் அவர்களுடைய சொந்தச் செத்தவர்கள். முதலில் அன்னக்கொடிக்கு. “கண்ணு, தலைக்கு எண்ணெய் வெச்சயா?” என்று போன வருஷம் செத்து எரிக்கப்பட்ட அவள் அம்மா கேட்டாள். அன்னக்கொடி போனைத் தண்ணீர் அண்டாவுக்குள் வீசிவிட்டு வசந்தாமணி வீட்டுக்கு ஓடிவந்து, கதவைத் தாழ் போடச் சொல்லி அழுதாள். மேற்குக் கடைசி வீட்டுச் சுப்பையனிடம் பள்ளிக்கூட வயதில் போய்விட்ட மகள் பேசினாள். அவர் அதன்பிறகு வாசல் பக்கமே வரவில்லை. சாப்பாட்டை ஜன்னல் வழியாக நீட்ட வேண்டியிருந்தது.

“எனக்கு வந்தா நான் மூஞ்சியில அடிச்சாப்புல வெச்சுப்போடுவேன்” என்றாள் வசந்தாமணி. ஆனால் அவளிடம் பேச வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவள் வீட்டுக்காரர் தனபால், அந்த மில்லிலேயே பிட்டராக இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன் ஒரு காலை, மோட்டாருக்குச் சாமான் வாங்கச் செருப்பை மாட்டிக்கொண்டு, “வர்றேன் அம்மிணி” என்று கிளம்பியவர். பஸ் ஸ்டாப்பிலேயே சாய்ந்துவிட்டார். அடுப்பில் வேலையாக இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் “சரிங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவளுக்குப் போன் வந்தது நல்ல உச்சிப்பொழுதில். குக்கரில் அரிசி வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எடுத்ததும் தொண்டையைக் கனைக்கிற சத்தம். அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

“அம்மிணி. வர்றேன்னு சொல்லிப்போட்டுத்தான போனேன். கொஞ்சம் நேரமாகிப்போச்சு.”

வைத்துவிட வேண்டும் என்று புத்தி சொன்னது. விரல் கேட்கவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க அவரில்லீங்க” என்றாள்.

“இல்லீன்னா இல்லீன்னே வெச்சுக்க. மேல்தொட்டி வால்வு இன்னும் ஒழுகுதா? ஸ்பானரைத் தேடியிருப்பயே. மாடிப்படிக்கு அடியில சாக்குக்குள்ள கெடக்குது பாரு.”

போய்ப் பார்த்தாள். கிடந்தது. துருப்பிடித்த அந்த இரும்பைத் தொட்டதும் அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது. பேயாக இருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். பேய் ஸ்பானர் இருக்கும் இடத்தையெல்லாம் சொல்லாது.

பயம் எவ்வளவு நேரம்தான் பயமாகவே இருக்கும்? அவர் அவளுடைய முட்டிவலியைக் கேட்டார், தங்கச்சி மகன் கல்யாணத்தைக் கேட்டார், ரசத்தில் பூண்டு எச்சாகப் போடுவதை இப்போதாவது விட்டாளா என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள். ஆனால் நாக்கு மட்டும் விழித்துக்கொண்டே இருந்தது. ‘சரி’ வருகிற இடத்திலெல்லாம் “கேட்டுதுங்க” என்றாள். ‘ம்’ வருகிற இடத்தில் உதட்டைக் கடித்தாள். நடுவில் அவர், “இங்க எனக்குப் பக்கத்துல எடம் கெடக்குது. நீயும் வர்றயா அம்மிணி?” என்றார். அதற்கு அவள் மூச்சுக்கூட விடவில்லை. அவரும் வற்புறுத்தாமல் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார்.

அடுப்பில் குக்கர் கத்தியது. மறுபடியும் கத்தியது.

“அரிசி கொழைஞ்சு போயிரும்” என்று எழுந்தவள், இத்தனை வருஷப் பழக்கத்தில், புருஷனிடம் பேச்சை முடிக்கிற எந்தப் பெண்டாட்டியும் சொல்வதைச் சொன்னாள். “அப்ப நான் வர்றனுங்க.”

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மணி ஒலித்தது. தனபாலின் குரல் போய், யாரோ ஒரு பெண்ணின் வழவழப்பான குரல் வந்தது. “நன்றி. தங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது.”

மறுநாளே மதிலுக்கு அந்தப் பக்கம் பொக்லைன் உறுமியது. வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்து, அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின. பதினொரு வீட்டுக்காரர்களும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“நான் ஒரு ‘சரி’ சொல்லலீங்க. சத்தியமா ஒரு ‘ம்’ கூடச் சொல்லலீங்க” என்று அழுதாள்.

குழந்தைவேலு தலையில் கைவைத்துக்கொண்டார். “எல்லா வார்த்தையும் சொன்னேன், இந்த ஒரு வார்த்தைய எவன் நெனச்சான்? போறேன்னு சொன்னாக் குத்தம்னு வர்றேன்னு சொல்லிப் பழகின சனம். அந்தக் காதுக்கு என்ன தெரியும், வர்றேன்னா வர்றதுன்னுதான் நெனைக்கும். அங்க குடிவர ஒத்துக்கிட்டா அந்த ஊடே ஏத்துக்கிட்டதாத்தான் கணக்காமா.”

“பயப்படாதீங்க்கா. அதிகாரிகிட்டப் போயிச் சொல்லலாம்” என்று அன்னக்கொடி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கயல்விழி கறாரான பெண்மணி. அதே கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தாள். வசந்தாமணி நடந்ததைச் சொன்னாள். விடைபெற்றேன், சம்மதிக்கவில்லை என்றாள். அதிகாரி தலையசைத்ததைப் பார்த்து அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

இளம்பரிதி எழுந்தான். “அம்மா, நானும் இந்த ஊர்க்காரன்தாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எழவு வீட்டுல இருந்து கிளம்பறப்ப ‘வர்றேன்’னு சொல்லுவீங்களா?”

“சொல்லக்கூடாதுங்க. சொல்லிக்காமத்தான் போவோணும்.”

“உங்க வீட்டுக்காரர் காலமாயிட்டார்னு நீங்க சொல்றீங்க. செத்தவர்கிட்ட யாரும் வர்றேன்னு சொல்லி விடைபெற மாட்டாங்க, அதையும் நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப அது விடைபெற்ற சொல் இல்லை. ‘நீயும் வர்றயா’ன்னு கேட்டார், ‘வர்றேன்’னு பதில் சொன்னீங்க. சம்மதம். இல்லை, விடைதான் பெற்றேன்னு சொன்னா, அவர் உயிரோட இருக்கறவர்னு நீங்களே ஒத்துக்கறீங்க. உயிரோட இருக்கறவருக்கு வீடு கட்டக்கூடாதுன்னு எப்படிங்க சொல்லுவீங்க? சம்மதம் பதிவான அன்னைக்கே சட்டப்படி அம்மாவோட மனப்பதிவையும் எடுத்தாச்சு மேடம். ஐயாவுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கோம்.”

தன்னை எங்கோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் வசந்தாமணி தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மண்டபமே அவள் வாயைப் பார்த்தது. இப்படிச் சொன்னாலும் கண்ணி, அப்படிச் சொன்னாலும் கண்ணி.

“அவரு இருந்தாரா இல்லையாம்மா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்றாள் அதிகாரி, மெதுவாக.

“அன்னைக்கு இருந்தாருங்க” என்றாள் வசந்தாமணி. இளம்பரிதி புன்னகை செய்தான். குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார். அவள் தொடர்ந்தாள். “அந்த ஒரு பொழுது, குக்கரு கத்தற வரைக்கும், எனக்கு அவரு உசுரோட இருந்தாருங்க. அதான் சொல்லிட்டுக் கெளம்புனேன். இப்ப அவரைக் கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கறாப்புலப் போடுங்க.”

ஒலிபெருக்கி கரகரத்தது. தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது.

“அம்மிணி. சாப்டயா?”

அவள் பதில் சொல்லவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்தாள். ஒரு வார்த்தை, “சாப்டனுங்க” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

“எங்க போற? அம்மிணி, சொல்லாமப் போறயே.”

நடந்தாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது. அன்னக்கொடி எழுந்து வந்தாள். குழந்தைவேலு வந்தார். ஒவ்வொருவராக, யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், முகம் பார்க்காமல், எழவு வீட்டிலிருந்து போவதைப் போலவே எழுந்து போனார்கள். “குழந்தை, நீயுமா? அன்னம்?” என்று தனபாலின் குரல் பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாசலுக்கு வந்தபோது வசந்தாமணி தேம்பித் தேம்பி அழுதாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து தூக்கி வந்த அன்று அவள் இப்படி அழவில்லை. இன்றைக்குத்தான் அவரை அவளே கொன்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முறைப்படி தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கிணற்றடிக்குப் போகப் பார்த்தவளைக் குழந்தைவேலு வாசலிலேயே பிடித்தார். மண்டபத்துக்குத் திரும்பப் போய்த் தீர்ப்பைக் கேட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்திருந்தார்.

“செயிச்சுப்போட்டோம் தாயி. அது விடைபெத்த சொல்லுதான், சம்மதம் கெடையாதுன்னு அந்தம்மா சொல்லிப்போட்டாங்க. இப்ப அவரு உங்களுக்குச் செத்தவருதான்னு, நீங்க சொல்லிக்காமப் போனதுலயே தெரிஞ்சுபோச்சாமா. உங்களை எடுத்து வெச்சிருக்கறதையும் அழிச்சுப்போடோணும்னு உத்தரவு.”

“அழிச்சுட்டாங்களா?”

“அழிச்சுப்போடறோம்னு அந்த வக்கீலு சொன்னான். ‘சரிங்க மேடம்’னு கையக் கட்டிக்கிட்டு நின்னான் பாருங்க, ஆளு முகம் வாடக்கூட இல்லை.” அவர் போகிற போக்கில் தெருவைப் பார்த்து, “சரி, சரி, சரிடா எல்லாருக்கும்!” என்று கத்தினார். டீக்கடையில் விசில் பறந்தது. பொக்லைன் உறுமல் நின்றுபோயிருந்தது. எங்கே பார்த்தாலும் ‘சரி’தான். பூட்டி வைத்த வாய்களெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.

வசந்தாமணி தண்ணீரைச் சேந்திச் சேந்தி ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் வந்தபோது மனசு வெறுமையாக, ஆனால் லேசாக இருந்தது. போனை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனாலென்ன, யார் கூப்பிடப் போகிறார்கள்?

சுவருக்கு அந்தப் பக்கம் அன்னக்கொடி போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அண்டாவில் விழுந்தும் பிழைத்த போனைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுத் துணி அலசுகிறாள் போல.

“அட, குளிச்சுட்டு வந்துட்டீங்களாக்கா? சுவத்தோரந்தான நிக்கறீங்க, எட்டிப் பாக்கறது? ... பேசுனாப் போதும்ங்கறீங்களா? அதுவும் சரிதான்.”

யாரிடம் பேசுகிறாள்? அன்னக்கொடிக்கு அக்கா என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. வசந்தாமணி துண்டைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள்.

“இனி என்ன பயம் அன்னம், எல்லாம் முடிஞ்சுதல்ல” என்றது போன். அது அவளுடைய குரல். சளி பிடித்தாற்போல் லேசாக அடைத்த, ‘அன்னம்’ என்பதை இழுத்துச் சொல்கிற அவளுடைய சொந்தக் குரல். “எத்தனை நாளாச்சு நீ வாய் நெறையப் பேசி. நான் பக்கத்துலயே குடியிருந்தா உனக்குத் தொணைதான?”

“அதுக்கென்னுங்க்கா சந்தேகம். நீங்க பக்கத்துல இருக்கறதுதான் எனக்குத் தைரியமே.”

“அப்ப என்னைய ஏத்துக்கற. சொல்லு, தாராளமாச் சொல்லு.”

“அன்னம்!” என்று கத்த வாயைத் திறந்தாள் வசந்தாமணி. பயத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது. செத்தவர்கள் கூப்பிட்டால் என்ன செய்வது என்றுதான் காலனியில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“இதென்னக்கா கேள்வி, ஏத்துக்காம?” அன்னக்கொடி சிரித்தாள். “சரிங்க்கா. சரி. சரி. போதுமா?”

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மணி ஒலித்தது. ஈரத்தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வசந்தாமணி, தன் குரல் விடைபெறுவதைக் கேட்டாள்.

“அப்ப நான் வர்றேன் அன்னம்.”